யாழ்ப்பாணப் பொதுநூலகமும் ஊர்ச் சரித்திரமும்

என் பூட்டனார் ஓர் உபதேசியார். செய்யுள் இயற்றுவதிலும் வல்லவர். எமது ஊர்க் குளத்தைப் பற்றி அவர் பாடி அச்சிடுவித்த கும்மி நூலின் பிரதியொன்று யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் இருந்ததென அப்பாச்சி பலகாற் கூறக் கேட்டதுண்டு. சென்ற விடுமுறையில் அதனைத் தேடி அங்குச் சென்றேன்.

இந்நூலகத்தின் தோற்றம் மிக எளியது. 1933-ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்பவர் தம் இல்லத்திலிருந்த நூல்களைப் பிறர்க்கு இரவல் வழங்கத் தொடங்கினார். மறுவருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகையறையில் 844 நூல்களோடும் ஏறக்குறைய 30 பத்திரிகைகளோடும் அது பொதுநிலையமாயிற்று. பின்னர் நகரசபை அதனை ஏற்றது. பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகளார் இதற்கெனப் பெரிதும் உழைத்தார். அவருடைய உருவச்சிலையை இன்றும் அங்குக் காணலாம். சீகாழியிற் பிறந்த நூலகவியலறிஞர் ரங்கநாதனின் ஆலோசனையோடு எழுந்த மாளிகை 1959-ல் திறக்கப்பெற்றது.

1981 மே 31 இரவு அம்மாளிகை எரியூட்டப்பட்டது. அழிந்தவை 97,000 நூல்கள் என்பர். ஏட்டுச்சுவடிகளும் அவற்றோடு போயின. பன்மொழிப்புலவர் தாவீது அடிகளார் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியால் உயிர்நீத்தார்.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதி அன்று எரிந்ததெனப் பலரும் எழுதுகின்றனர். அது பொருந்தாது. அந்நூலைப் பிறிற்றோ என்பவர் 1879-லேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். தமிழ் மூலமும் அச்சேறியுள்ளது. எரிந்தது ஒரு பிரதியாயிருக்கலாம், நூல் அழியவில்லை. பெயர்பெற்ற நூல்களுக்குப் பிறிதோரிடத்தும் பிரதியுண்டு. கோயில் விளம்பரம், சங்க அறிக்கை, ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாளில் உறவினர் அச்சிட்டு வழங்கும் கல்வெட்டு ஆகிய சிறு தாள்களின் நிலை வேறு. அவற்றை எவரும் விலைகொடுத்து வாங்கிக் காப்பதில்லை. ஆயினும் ஓர் ஊரில் யார் யாருக்கு உறவு, எக்கிணற்றை யார் வெட்டுவித்தார், எப்பாடசாலையில் யார் படிப்பித்தார் என்பன அவற்றிலேதான் உள்ளன. அரசாங்க ஏடுகளில் இவற்றைத் தேடிக் களைத்தவர்கள் அவற்றின் அருமையை அறிவர்.

1998-ல் தொடங்கி மீளக் கட்டப்பட்ட மாளிகையின் உசாத்துணைப் பகுதியில் என் வினாவைச் சொன்னேன். அங்கிருந்த முதியவர் ஏடு ஒன்றையும் புரட்டவில்லை. "தம்பி, அந்தக் காலத்துப் பிரதி தப்பியிராது. வீட்டிலே பழைய பெட்டி இருந்தால் திறந்து பாரும்" என்றார். முதலில் எனக்குச் சிறிது சினம் உண்டாயிற்று. எட்டு மைல் சைக்கிளில் வந்தவன் அல்லவா!

அன்றிரவே அப்பாச்சியின் தகரப்பெட்டியைத் திறந்தோம். கும்மி கிடைக்கவில்லை. பூட்டனாரின் கல்வெட்டு கிடைத்தது. கறையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. அதன் ஈற்றுப் பக்கத்தில் அவர் இயற்றிய நூல்களின் நிரல் காணப்பட்டது. மூன்றாவதாகக் குளத்துக் கும்மி, பதினாறு பக்கம் என்றிருந்தது. அப்பாச்சி அவ்வரியை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பின்பு, தாம் சிறுமியாயிருந்தபோது கேட்ட இரண்டு அடிகளைத் தட்டுத்தடுமாறிப் பாடினார். அவற்றை எழுதிக்கொண்டேன். மற்றைய அடிகள் அவருக்கு நினைவில்லை.

2005-ல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் இத்தகைய கல்வெட்டுக்களையும் மலர்களையும் படம்பிடித்துக் காத்து வருகின்றது. எமது கல்வெட்டையும் அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். அக்கும்மியின் பிரதி நம் பழைய மாணவர் எவர் வீட்டிலேனும் இருக்குமாயின் இச்சஞ்சிகையின் தமிழ்ப் பகுதி ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுவார்களாக. அட்டை இல்லாத பிரதியாயினும் போதும்.