சாட்சியா, பிணையா? கையொப்பத்துக்கு முன் ஒரு சொல்

நமுனுகுல, பசறைப் பக்கத்துக் கடைகளுக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் படிவத்தோடு வருவது வழமை. "முதலாளி, த்ரீவீலர் ஒன்று எடுக்கப் போறேன், ஒரு சைன் வைங்க" என்பார்கள். பேனையைத் திறக்கு முன் கோட்டுக்குக் கீழேயுள்ள ஆங்கிலச் சொல்லைப் பாருங்கள்.

'விட்னஸ்' என்றிருந்தால் நீங்கள் சாட்சி. இன்னார் என் முன்னால் கையொப்பமிட்டார் என்பதோடு சரி. 'கெரண்டர்' என்றிருந்தால் பிணையாளி. அவர் கட்டாத தவணை உங்கள் தலையில் விழும். 'ஷுவரிட்டி' என்று போட்டிருந்தாலும் அதே சுமைதான். ஆனால் அது வட்டிக் கடன் என்றால் சாட்சிக் கையொப்பமும் நமக்கு ஆகாது. வட்டிக் கணக்கை எழுதுபவரையும் சாட்சிகளையும் சேர்த்தே சபிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு.

அடுத்தது 'ஜொயின்ட்லி அன்ட் செவரலி'. 'செவரல்' என்றால் 'பல' என்று பாடசாலையில் படித்தோம். இங்கே பொருள் வேறு: கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. பாக்கி 3 இலட்சம், பிணையாளிகள் இருவர் என்றால் ஆளுக்கு ஒன்றரை என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அப்படியல்ல. முழு 3 இலட்சத்தையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். நம் நாட்டில் செல்லும் ரோமன் டச்சுச் சட்டத்தில், "முதலில் கடன்பட்டவரைப் பிடி, பிறகு என்னிடம் வா" என்று சொல்லும் உரிமை பிணையாளிக்கு உண்டு. அதைக் கைவிடச் செய்யும் வாசகம் சிறிய எழுத்தில் இருக்கும். 'ரினவுன்ஸ்', 'வெய்வ்' என்ற சொற்களைத் தேடுங்கள்.

லீசிங் வாகனப் புத்தகத்தில் இரண்டு 'ஓனர்' உண்டு. 'ரெஜிஸ்டர்ட் ஓனர்' ஓட்டுகிறவர், 'எப்சலூட் ஓனர்' நிதி நிறுவனம். இரண்டையும் சொந்தக்காரர் என்றே சொல்லிவிடுகிறோம். தவணை முடிந்து நிறுவனம் தன் பெயரை நீக்கும்வரை வண்டி முழுதாக அவருடையதல்ல.

கெரண்டி, வொரண்டி பற்றியும் கேட்கிறார்கள். மாற்றித் தருவது கெரண்டி, திருத்தித் தருவது வொரண்டி என்பது கடைப் பேச்சு. அட்டையில் எழுதியிருப்பதுதான் கணக்கு.

பிணை நிற்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடனோடு இறந்த ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழுவிக்காமல் விலகியபோது, அபூ கதாதா (ரழி) அக்கடனைத் தாம் ஏற்றார்கள். அதன்பிறகே தொழுகை நடந்தது என்பது புகாரியில் உள்ள செய்தி. கடன் 3 தீனார் என்று சபையில் சொல்லப்பட்ட பின்னரே அவர் ஏற்றார். நீங்களும் மொத்தத் தொகை, தவணை, முடியும் திகதி மூன்றையும் கேளுங்கள். வெறும் படிவத்தில் கையொப்பமிடாதீர்கள். பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, கடைப் பெட்டகத்தில் வையுங்கள்.