சங்கீதப் பிரியருக்கு ஒரு சிபாரிசு

பாட்டில் பிரியமுள்ளவர்களுக்குப் பாட்டைப் பற்றிய பேச்சிலும் பிரியம் இருந்தே தீரும் என்று நினைத்துக்கொண்டு, அகப்பட்டவரிடமெல்லாம் பத்துப் பாட்காஸ்ட்டுகளின் பெயர்களை ஒப்பிப்பது இந்நாளில் ஒரு வழக்கமாகிவிட்டது. கேட்டவரும் மரியாதைக்காகக் கைப்பேசியில் குறித்துக்கொள்வார், அத்துடன் சரி. இத்தகைய சிபாரிசுகளைப் பல வருஷங்களாகச் சிநேகிதர்களுக்கும் உறவினர்களுக்கும் செய்து, அவற்றுள் எவை பலித்தன, எவை குறிப்போடு நின்றன என்று கவனித்து வந்ததில், ஒரு நிகழ்ச்சியின் பெயரைச் சொல்வது சிபாரிசே ஆகாது என்ற அபிப்பிராயம் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது. நூற்றுக்கணக்கான பகுதிகளைக் கொண்ட ஒரு நிகழ்ச்சியில் ஒரே ஒரு பகுதியை, அதுவும் கேட்பவர் ஏற்கெனவே மனப்பாடமாக அறிந்து நேசிக்கும் ஒரு பாட்டைப் பற்றிய பகுதியைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தால்தான் காரியம் நடக்கிறது.

சங்கீத பாட்காஸ்ட் என்றால் பாட்டு நிறைய ஒலிக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் முதலில் ஏமாந்துபோகிறார்கள். வானொலி நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்புவதற்கு வாங்கும் உரிமை வேறு. யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய ஒலிப்பதிவிலே அதே பாட்டைச் சேர்ப்பதற்கு, இசைத்தட்டுக் கம்பெனியிடமும் பாட்டின் பதிப்புரிமை பெற்றவரிடமும் தனித்தனியே வாங்கவேண்டிய உரிமை வேறு. அதற்குக் கொடுக்கும் பணம் சிறிய நிகழ்ச்சிகளுக்குக் கட்டுப்படியாகாது. 1942 முதல் பி.பி.சி. நடத்திவரும் ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ என்ற புகழ்பெற்ற நிகழ்ச்சியில், ஆளில்லாத தீவிலே தனித்து விடப்பட்டால் உடன் கொண்டுபோக விரும்பும் எட்டு இசைத்தட்டுகளைப் பிரமுகர் ஒருவர் தேர்ந்தெடுத்து, அவற்றைச் சாக்காக வைத்துத் தம் வாழ்க்கையைச் சொல்லுவார். அதன் பாட்காஸ்ட் வடிவத்திலே அந்த எட்டுத் தட்டுகளும் தலையைக் காட்டியவுடன் மறைந்துவிடுகின்றன. ஆகவே பெரும்பாலும் பேச்சு தனியாகவும் பாட்டு தனியாகவும் இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, பாட்டை வேறோர் இடத்தில் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு, பேச்சுக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் முழுமையாகக் கேட்பது என்று ஒரு நியமம் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாம் முறை கேட்கும்போது முதல் முறை காதில் விழாதது ஏதாவது விழுந்தால் அந்த பாட்காஸ்ட் நல்லது. விழாவிட்டால், பேசியவர் எத்தனை பெரிய வித்துவானாயிருந்தாலும் அது வெறும் அரட்டைதான்.

இந்தப் பரீக்ஷையில் தவறாமல் தேறுகிறது ‘சாங் எக்ஸ்ப்ளோடர்’. இதை 2014-ஆம் வருஷம் தொடங்கியவர் ரிஷிகேஷ் ஹிர்வே என்ற இந்திய வம்சாவளி அமெரிக்கர். தாமே பாட்டு இயற்றிப் பாடி வெளியிட்டவர். பாட்டை ஆக்கியவரையே அழைத்து வந்து, அந்தப் பாட்டின் தனித்தனி ஒலித்தடங்களை, அதாவது முரசு மட்டும், கிதார் மட்டும், குரல் மட்டும் என்று ஸ்டூடியோவிலே பிரித்துப் பதிந்திருந்ததை வாங்கி, ஒவ்வொன்றாக நமக்குக் கேட்கக் கொடுக்கிறார். அவர் கேட்ட கேள்விகள் பகுதியிலே இரா. தம்முடைய குரலை வெட்டி எறிந்துவிட்டுக் கலைஞரின் பேச்சை மட்டும் நிறுத்திக்கொள்ளும் இந்த அடக்கம், பேட்டி எடுப்பவர்களிடம் நான் அதிகம் காணாத குணம். பெரும்பாலும் இருபது நிமிஷத்துக்குள் பேச்சு முடிந்து, கடைசியில் பாட்டு முழுமையாக ஒலிக்கிறது.

புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது, ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் முகப்பு இசையைப் பற்றி அதன் இசையமைப்பாளர் ரமீன் ஜவாடி பேசும் பகுதி. பாட்டு என்றால் வார்த்தை வேண்டும் என்று நினைப்பவரும், இங்கிலீஷ் சங்கீதமே பழக்கமில்லாதவரும்கூட அந்த மெட்டை எங்கேயாவது கேட்டிருப்பார்கள். கூட்டு வாத்தியங்களின் பெருமுழக்கமாக மனத்தில் பதிந்திருக்கும் அந்த இசையில், மெட்டை முதலில் ஏந்தி வருவது செல்லோ என்ற ஒற்றை வாத்தியம் என்பதும், அந்தக் கனத்த, சற்றே சோகம் தோய்ந்த நாதத்தின் மேல்தான் மற்றவையெல்லாம் அடுக்கடுக்காக ஏறுகின்றன என்பதும் தடங்களைப் பிரித்துக் கேட்கும்போது நிதரிசனமாகின்றன. அதற்குப் பிறகு முழு இசையைக் கேட்பவரின் காது, முழக்கத்தின் நடுவே செல்லோவைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. தேடத் தெரிந்த காதுக்கு வேறு சிபாரிசு தேவையில்லை.

சரித்திரத்தில் நாட்டமுள்ளவர்களுக்குக் கொடுக்கவேண்டியது வேறு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹிக்கி என்பவர், ராக் இசையின் சரித்திரத்தை 500 பாட்டுகளின் வழியே சொல்லுவதென்று 2018-இல் சங்கற்பம் செய்துகொண்டு, 1938-ஆம் ஆண்டு நியூயார்க் கார்னெகி மண்டபத்தில் நடந்த ஒரு கச்சேரியில் ஆரம்பித்து, 1999 வரை போவதாகத் திட்டமிட்டு, இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ‘ஏ ஹிஸ்டரி ஆஃப் ராக் மியூசிக் இன் 500 சாங்ஸ்’ என்ற அந்தத் தொடரில் நகைச்சுவைத் துணுக்கும் இல்லை, விருந்தாளியும் இல்லை; ஒரு மனிதர் தாம் எழுதி வைத்ததை நிதானமாக வாசிக்கிறார். ஆனால் இன்ன பாட்டுத்தான் முதல் ராக் பாட்டு என்று எவராவது சொன்னால் அதற்கு முந்தியது ஒன்று எப்போதும் இருக்கும் என்பதைப் பகுதிக்குப் பகுதி நிரூபித்துக்கொண்டு, மறக்கப்பட்ட கறுப்பினக் கலைஞர்களுக்கும் பெயர் தெரியாத பக்கவாத்தியக்காரர்களுக்கும் உரிய இடத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு போகும் அந்த நேர்மை, பல கனமான புத்தகங்களில்கூட அகப்படாதது.

தொடக்கத்தில் அரைமணியாக இருந்த பகுதிகள் வரவர நீண்டு, கிரேட்ஃபுல் டெட் குழுவின் ‘டார்க் ஸ்டார்’ பாட்டுக்கு வந்தபோது நான்கு மணி நேரத்தையும் தாண்டிவிட்டன. இதைச் சொன்னபோது என் மைத்துனர், “நாலு மணி நேரமா அத்திம்பேர்? அதுக்குள்ள ராமாயணத்தையே சொல்லி முடிச்சுடலாமே!” என்றார். அவர் பீட்டில்ஸ் பைத்தியம். அவரிடம் முதல் பகுதியிலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தால், 1940-களின் ஸ்விங் இசையைக் கடப்பதற்குள் கைகழுவியிருப்பார். ஆகவே நூறாவது பகுதியைக் கொடுத்தேன்; அது பீட்டில்ஸின் ‘லவ் மீ டூ’ பற்றியது. அதில் அடிக்கடி வந்த பெயர்கள் யாருடையவை என்று அறியும் ஆவலில் அவராகவே பின்னோக்கிப் போகத் தொடங்கி, இப்போது எனக்கே பாடம் சொல்லுகிறார். வரிசையாக எண்ணிட்ட தொடர்களை ஒன்றாம் எண்ணிலிருந்துதான் கேட்கவேண்டும் என்பது பள்ளிக்கூடப் பழக்கம். ரசிகனுக்கு அது விதியல்ல.

கதைப் பிரியருக்கு டைலர் மஹன் கோ நடத்தும் ‘கொகேய்ன் அண்ட் ரைன்ஸ்டோன்ஸ்’. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க நாட்டுப்புறச் சங்கீதமாகிய ‘கண்ட்ரி’ இசையில் நமக்கு என்ன அக்கறை என்று தோன்றலாம். எனக்கும் அந்த இசையில் பெரிய மோகம் கிடையாது. ஆயினும் 1968-இல் வெளிவந்த ‘ஹார்ப்பர் வேலி பி.டி.ஏ.’ என்ற ஒரே பாட்டை மூன்று பகுதிகளாக எடுத்துக்கொண்டு, ஒன்றில் அதைத் தயாரித்தவர், ஒன்றில் அதைப் பாடிய ஜீனி சி. ரைலி, ஒன்றில் அதை இயற்றிய டாம் டி. ஹால் என்று மூன்று ஜீவியங்களின் வழியே சொல்லும் சாமர்த்தியத்துக்காகவே இதைக் கேட்கலாம். லொரெட்டா லின் 1975-இல் வெளியிட்ட ‘தி பில்’ என்ற கருத்தடை மாத்திரைப் பாட்டைப் பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்த விருத்தாந்தமும் இதில் உண்டு. கோ சற்று நாடகப் பாணியில் பேசுகிறவர். சிலருக்கு அது முதல் ஐந்து நிமிஷத்திலேயே சலித்துவிடும். பத்து நிமிஷம் பொறுக்கலாம் என்பது என் யோசனை. அதற்கு மேல் வற்புறுத்துவதில்லை.

ராப் என்பது சங்கீதமா என்று கேட்கும் பெரியவர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடுவதை விட்டு, கோல் குச்னா 2016-இல் தொடங்கிய ‘டிசெக்ட்’ தொடரின் முதல் பருவத்தைக் காட்டலாம். கெண்ட்ரிக் லமாரின் ‘டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை’ என்ற ஒரே ஆல்பத்தை, நம் ஊர் உரையாசிரியர்கள் செய்யுளுக்குப் பதவுரை சொல்லுவதுபோல், அடி அடியாகப் பிரித்துச் சொல்லுகிறது அது. பாட்டுகளுக்கிடையே ஒரு கவிதை வரி வரியாக வளர்ந்துகொண்டே போய், கடைசிப் பாட்டின் முடிவில்தான் முழு உருவம் பெறுகிறது என்ற அந்த ஆல்பத்தின் அமைப்பை, உரை இல்லாமல் கேட்பவர் எளிதில் கவனிப்பதில்லை. ஆனால் வசைச்சொற்கள் தாராளம். கூடத்தில் பெரியவர்கள் நடுவே ஒலிக்கவிடத் தக்கதன்று.

கர்நாடக சங்கீதத்தில் ஊறிய செவிக்கு ஜோஷுவா வைலர்ஸ்டைன் என்ற ஆர்கெஸ்ட்ரா நடத்துநரின் ‘ஸ்டிக்கி நோட்ஸ்’ பெரிய உபகாரம் செய்யும் என்பது என் நம்பிக்கை. நமக்கு ஆதார ஷட்ஜம் தம்பூரிலே அசையாமல் நிற்கிறது. கச்சேரி முழுவதும் எத்தனை ராகங்கள் வந்து போனாலும் அது மாறுவதில்லை. மேல்நாட்டு ஸிம்ஃபனியிலோ அந்த ஆதாரமே வீட்டை விட்டுக் கிளம்பி வேறு ஸ்தானங்களில் சஞ்சரித்து, இனித் திரும்பாதோ என்று நாம் திகைக்கும் சமயத்தில் வந்து சேருகிறது. அந்தப் பிரிவும் மீட்சியுமே அதன் நாடகம். இதைப் பிடித்துக்கொள்ளாதவருக்கு ஸிம்ஃபனி வெறும் இரைச்சலாகவும், நடுநடுவே சினிமாப் பின்னணியாகவும்தான் கேட்கும். பேத்தோவனின் மூன்றாவது ஸிம்ஃபனியைப் பற்றிய பகுதியில் தொடங்கலாம். ஓபராப் பாட்டுகளுக்கு ரியானன் கிடன்ஸ் நடத்தும் ‘ஆரியா கோட்’ இருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் ஓர் ஆரியாவை, அதாவது ஓபராவில் ஒருவர் தனித்துப் பாடும் பாட்டை, பற்றிப் பலர் பேசியபின், மேடையில் பாடியதை முழுமையாகக் கேட்கலாம்.

எதைக் கேட்பது என்பதோடு எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லியாகவேண்டும். ஏனென்றால் நல்ல சிபாரிசுகள் பல இங்கேதான் வீணாகின்றன. பாட்காஸ்ட்டுகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டு முடிப்பது இப்போது பலருக்குப் பழகிப்போன விஷயம். அரசியல் பேச்சுக்கும் வியாபாரப் பேச்சுக்கும் அது பொருந்தலாம். சங்கீதத்துக்கு அது பெருந்துரோகம். கைப்பேசியின் செயலி சுருதியை ஏற்றாமல் காலப்பிரமாணத்தை மட்டும் விரைவுபடுத்துவதால் கேட்பவருக்குச் சந்தேகமே எழுவதில்லை. நிமிஷத்துக்கு 80 அடியில் நடக்கவேண்டிய பாட்டு 120 அடியில் ஓடுகிறது. “இந்த இடத்தில் தாளம் எவ்வளவு சோம்பலாகச் சாய்ந்து வருகிறது, கவனியுங்கள்” என்று பேசுகிறவர் சொல்ல, சோம்பல் எங்கே என்று நாம் விழிக்கிறோம். இதைவிட மோசமானது சில செயலிகளில் உள்ள மௌனத்தைச் சுருக்கும் வசதி. பேச்சின் இடைவெளியைக் குறைப்பதற்காக வைத்த அந்தக் கத்தரி, இசையின் நடுவே கலைஞன் வேண்டுமென்றே வைத்த நிறுத்தத்தையும் சேர்த்து நறுக்கிவிடுகிறது. சங்கீத நிகழ்ச்சிகளுக்கு மட்டும் இவ்விரண்டையும் அணைத்து வைக்கும்படி பல செயலிகளில் தனித்தனியே அமைத்துக்கொள்ளலாம். ஒரு நிமிஷத்து வேலை.

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்பதும் உதவாது. பாஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த ஆழத்தை அத்தனை சிறிய கருவி எழுப்பவே முடியாது. சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே மேடைமேல் சாய்த்து வைத்த கைப்பேசியில் கேட்கும் வழக்கமுடைய என் சகோதரி, பாஸ் வாத்தியத்தைப் பற்றிப் பேசும் பகுதியெல்லாம் தனக்குப் புரிவதில்லை என்று வெகுநாள் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். சாதாரணமான, விலை குறைந்த இயர்போன் ஒன்றைச் செருகியதும் குறை தீர்ந்தது. வாத்தியங்களை வலக்காது, இடக்காது என்று பிரித்து வைத்த அமைப்பும் அதில்தான் புலப்படும்.

இன்னொன்று. இரண்டு பேர் மைக்கின் முன் உட்கார்ந்து, தங்களுக்குள் சிரித்துக்கொண்டு, “என்ன பாட்டு, என்ன பாட்டு!” என்று வியந்துகொண்டே ஒரு மணி நேரத்தைக் கழிக்கும் நிகழ்ச்சிகள் எல்லா மொழிகளிலும் மலிந்து கிடக்கின்றன. வியப்பு மட்டும் போதாது. பாட்டின் எந்த விநாடியில் எது நிகழ்கிறது என்று விரலை வைத்துக் காட்டவேண்டும். சங்கீத ஆராய்ச்சியாளரான நேட் ஸ்லோனும் பாட்டாசிரியரான சார்லி ஹார்டிங்கும் நடத்தும் ‘ஸ்விட்ச்ட் ஆன் பாப்’ இரண்டு பேர் பேச்சுத்தான், சிரிப்பும் உண்டு. ஆனால் பேசுவதை வாசித்தும் காட்டுகிறார்கள் என்பதால் அது தப்பித்துக்கொள்கிறது.

இங்கிலீஷ் உச்சரிப்பு பிடிபடாதோ என்று தயங்குபவர்கள், ஹிக்கியின் தொடருக்கும் ‘சாங் எக்ஸ்ப்ளோடர்’ நிகழ்ச்சிக்கும் அவற்றின் இணையதளங்களிலேயே பேச்சின் எழுத்துப்பிரதி கிடைக்கிறது என்பதை அறிந்துகொள்ளட்டும். ஒரு முறை வாசித்துவிட்டுப் பிறகு கேட்டால் தடங்கல் இராது. நீங்களும் யாருக்காவது சிபாரிசு செய்ய முற்பட்டால், அவருக்குப் பிடித்த பாட்டு எது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைப் பற்றிய ஒரே ஒரு பகுதியை மட்டும் அனுப்புங்கள். அவர் கேட்டாரா என்று ஒரு வாரம் வரையில் விசாரிக்காதீர்கள்.