உடலளவும் வால்வின் திறப்பும்

இதயத்தின் இடக் கீழறையிலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வழியிலுள்ள பெருந்தமனி வால்வு, தடித்தும் சுண்ணம் படிந்தும் குறுகும்போது, திறப்பின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினாலோ, இரத்தம் பாயும் உச்ச வேகம் நொடிக்கு 4 மீட்டரையோ சராசரி அழுத்த வேறுபாடு 40 மி.மீ. பாதரசத்தையோ எட்டினாலோ, எக்கோ அறிக்கையில் அது தீவிரச் சுருக்கம் எனப்படுகிறது. இவற்றுள் பரப்பை மட்டும் உடலளவோடு சேர்த்தே படிக்க வேண்டும். சிற்றுடலுக்கு வேண்டிய இரத்த ஓட்டமே குறைவு.

சென்டிமீட்டரில் உயரத்தையும் கிலோவில் எடையையும் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடற்பரப்பு கிடைக்கும். இது 1987இல் மோஸ்டெல்லர் தந்த எளிய வழி. வால்வுப் பரப்பை அதனால் வகுத்து வரும் எண் 0.6க்குக் குறைந்தால் தீவிரம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் உருக்காலை ஒன்றில் ஒப்பந்த வேலை செய்யும், 150 செ.மீ. உயரமும் 45 கிலோ எடையும் உள்ள ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவரது உடற்பரப்பு 1.37 சதுர மீட்டர். வால்வுப் பரப்பு 0.9 என்றால் வகுத்த எண் 0.66. வேகமும் அழுத்த வேறுபாடும் குறைவாக இருந்து, ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தம் உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 35 மில்லிக்கு மேலும் இருந்தால், அவருக்கு உள்ளது நடுத்தரச் சுருக்கமே என்று கொள்ள இடமுண்டு. அன்றாடக் கூலியை நம்பிய குடும்பத்துக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது.

பருமனானவரிடம் இதே கணக்கு எதிர்த்திசையில் வழிதவறச் செய்யும். திருவள்ளூரில் 165 செ.மீ. உயரமுள்ளவர் 60 கிலோவாக இருக்கையில் 1.1 பரப்பு 0.66 ஆகிறது, அவரே 96 கிலோ ஆனால் 0.52 ஆகிறது. வால்வு மாறவில்லை, ஏறியது கொழுப்புதான். கொழுப்போ தன் எடைக்கேற்ற ஓட்டத்தைக் கேட்பதில்லை. ஆகவே இத்தகையோரிடம் வகுத்த எண்ணை மட்டும் கொண்டு தீவிரம் என முடிவு கட்டுவது தகாது.

நடைமுறையில், உயரத்தையும் எடையையும் நோயாளியிடம் கேட்டு எழுதாமல், பாதுகாப்புக் காலணியைக் கழற்றச் சொல்லி, அன்றே அளக்க வேண்டும். கால்வீக்கம் இருந்தால் நீர் ஏற்றிய எடையையும் கருத வேண்டும். அதைவிடப் பெரிய பிழை வேறிடத்தில் நேர்கிறது: வால்வுக்குச் சற்றுக் கீழேயுள்ள வெளியேறு பாதையின் விட்டம் கணக்கில் வர்க்கமாவதால், 20 மி.மீ.யை 18 என அளந்தால் வால்வுப் பரப்பு 19 சதவீதம் சுருங்கித் தெரியும். எண்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதபோது விட்டத்தை மறுபடி அளந்து, அதன் பிறகும் ஐயம் நீங்காவிட்டால் சி.டி. ஸ்கேனில் சுண்ணப் படிவைக் கணக்கிடலாம். ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 என்னும் எல்லையைத் தாண்டினால், சுருக்கம் தீவிரமாயிருக்கவே வாய்ப்பு மிகுதி.