புஷ்கர்: பாலை ஏரிக்கரைக்குச் செல்லும் சென்னைவாசிக்கு

அஜ்மீருக்கு வடமேற்கே, நாக மலையைக் கடந்ததும், தார்ப் பாலைவனத்தின் விளிம்பில் 52 படித்துறைகள் சூழ்ந்த ஏரியின் கரையில் அமைந்திருக்கும் புஷ்கர், வைணவ மரபு தாமாகத் தோன்றியவை எனப் போற்றும் எட்டுத் தலங்களுள் ஒன்றாதலால், மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் பெரியவர்கள் தீர்த்த யாத்திரையாகவும், அவர்களுடைய பிள்ளைகள் ஒட்டகச் சவாரி, மணல்மேட்டு நடை, மலையேற்றம் ஆகியவற்றுக்காகவும் அங்குச் செல்கின்றனர். இரு சாராருக்கும் நேரும் இடர் ஒன்றுதான்: கடற்காற்றில் பழகிய உடல் பாலையின் வறட்சியை உணரத் தவறிவிடுகிறது.

பெசன்ட் நகர்க் கடற்கரையில் நடப்பவருக்குச் சட்டை நனைவதே நீர் குடிக்கச் சொல்லும் அறிகுறி. புஷ்கரிலோ வியர்வை தோலில் தங்காமல் உடனுக்குடன் ஆவியாகிவிடுவதால் சட்டை உலர்ந்தே இருக்கும், உடல் மட்டும் நீரை இழந்துகொண்டிருக்கும். ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல், குறித்த இடைவெளியில் நீர் அருந்துவதே நலம். ஈரமற்ற காற்றும் மேகமற்ற வானமும் பகலில் மணல் ஏற்ற வெப்பத்தை இரவில் தடுத்து நிறுத்துவதில்லை என்பதால் மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் 10 பாகைக்கும் கீழே இறங்கும். சபாக் கச்சேரிக்குப் போர்த்திச் செல்லும் சால்வை அதற்குப் போதாது. வெடித்த உதட்டுக்குத் தடவலாம் என்று கொண்டுபோகும் தேங்காய் எண்ணெய் புட்டியிலேயே உறைந்து கிடக்கும். வாசலின் எடுத்துச் செல்வதே பயன்படும்.

சாவித்திரி கோயில் இருக்கும் குன்றுக்குக் கம்பிவட ஊர்தி உண்டு என்றாலும், முழங்கால் ஒத்துழைப்பவர்கள் விடியலுக்கு முன்பே படியேறுவது சிறப்பு. ஏரி, ஊர், மணல்வெளி மூன்றும் ஒருசேரத் தெரியும் இடம் அதுவே. ஒட்டகம் எழும்போது பின்கால்களை முதலில் ஊன்றுவதாலும் அமரும்போது முன்கால்களை முதலில் மடக்குவதாலும் இரு முறையும் ஏறியிருப்பவர் முன்னோக்கித் தள்ளப்படுகிறார்; சேணத்தை இறுகப் பற்றி, உடலைப் பின்னே சாய்த்துக்கொள்ள வேண்டும்.

நாள் குறிப்பதில்தான் தமிழர்கள் பெரிதும் ஏமாறுகின்றனர். புகழ்பெற்ற ஒட்டகச் சந்தையை ஒட்டிவரும் வடநாட்டுக் கார்த்திகைப் பௌர்ணமி, பல ஆண்டுகளில் நம் கணக்கில் ஐப்பசிப் பௌர்ணமியாக, அதாவது கபாலீசுவரர் கோயிலில் அன்னாபிஷேகம் நடைபெறும் நாளாக அமைகிறது: 2025-இல் அது நவம்பர் 5-ஆம் நாள் வந்தது, திருவண்ணாமலைத் தீபமோ டிசம்பர் 3-ஆம் நாள் ஏற்றப்பட்டது. சந்தையிலும் கால்நடை வணிகம் தொடக்க நாள்களில் மும்முரமாக நடந்து பின்னர் தளர்ந்துவிடும். ஏகாதசி முதல் பௌர்ணமி வரையிலான நாள்கள் நீராடுவோருக்கு உரியவை. ஒட்டகங்களைக் காண விரும்புவோர் அதற்கு முன்பே சென்றுவிட வேண்டும்.

ஏரி தீர்த்தமாதலால் படித்துறையை நெருங்கும்போதே காலணியைக் கழற்றிவிட வேண்டும். நீராடுவோரைப் படம் பிடிக்கக் கூடாது. ஊருக்குள் இறைச்சி, முட்டை, மது ஆகியவற்றுக்கு இடமில்லை. படித்துறையில் பூசை செய்ய முன்வருவோரிடம், கையில் சிவப்புக் கயிறு கட்டப்படுவதற்கு முன்பே தட்சிணையைப் பேசி முடித்துக்கொள்வது இரு தரப்புக்கும் மரியாதை.

2009-இல் இந்த ஏரி வறண்டு, யாத்திரிகர்கள் கரையோரச் சிறு தொட்டிகளில் நீராட நேர்ந்தது. அங்குச் செல்வோர் சோப்பையும் பிளாஸ்டிக் பைகளையும் அந்த நீரில் சேர்க்காமல் திரும்ப வேண்டும்.