சோலைக்கிளி

அமராவதி நகர் என்றதும் நம் நினைவிற்கு வருவன 1957-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையும் முதலைப் பண்ணையுமே. அணைக்கரையில் நின்று தெற்கே நோக்கினால் ஆனைமலைத் தொடர் தெரியும். அதன் உயரமான சோலைகளில் மட்டுமே வாழும் ஒரு சிறு பறவையை விலங்கியல் மாணவன் என்ற முறையில் அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

பெயர் சோலைக்கிளி. பச்சைக்கிளி இனம் என்று எண்ணிவிட வேண்டாம். இது ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. மலையாளத்தில் கிளி என்றால் பறவை என்றே பொருள்.

தோற்றமும் வாழ்க்கையும்

சிட்டுக்குருவி அளவினதே இப்பறவை. முதுகும் மார்பும் கருநீலம், வயிறு வெண்மை, கால்கள் நீண்டவை. சோலையின் இருண்ட தரையில் தத்தித் தத்திச் சென்று பூச்சிகளைத் தின்னும். மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ பாசியால் கூடமைத்துப் பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். கண்ணில் படுவது அரிது. விடியற்காலையிலும் அந்தியிலும் ஒலிக்கும் இனிய சீழ்க்கைப் பாட்டே இதைக் காட்டிக்கொடுக்கும். மூணாறுப் பக்கத்துச் சோலையொன்றில் அப்பாட்டை நான் கேட்டிருக்கிறேன்.

அறிவியல் வரலாறு

பழனிமலைப் பறவையைக் கொண்டு 1868-இல் பிளான்ஃபோர்டு இதை விவரித்தார். நெடுங்காலம் இமயமலைக் குட்டைச்சிறகன்களோடு இதைச் சேர்த்து வைத்திருந்தனர். 2017-இல் வி. வி. ராபின் குழுவினர் மரபணுவை ஆராய்ந்து, இது தனிப் பேரினம் என நிறுவி ‘சோலிக்கோலா’ எனப் பெயரிட்டனர். சோலையில் வாழ்வது என்பது பொருள். நம் தமிழ்ச் சொல் உலக அறிவியலில் இடம்பெற்றது பெருமையன்றோ!

இப்பேரினத்தில் மூன்று இனங்கள் உள்ளன. நீலகிரிப் பகுதியில் ஒன்று, ஆனைமலை-பழனிமலைப் பகுதியில் ஒன்று, தெற்கே அகத்தியமலைப் பகுதியில் ஒன்று. நீலகிரியையும் ஆனைமலையையும் பாலக்காட்டுக் கணவாய் பிரிக்கிறது. குளிர்ந்த நிழலில் வாழும் பறவை வெயில் காயும் தாழ்நிலத்தைக் கடப்பதில்லை. எனவே ஒவ்வொரு மலையும் ஒரு தீவு போல நின்று தனித்தனி இனத்தை வளர்த்தது.

நமக்கென்ன?

ஆங்கிலேயர் காலத்தில் தேயிலைக்காகவும், பின்னர் சீகை, தைல மரங்களுக்காகவும் சோலைகளும் புல்வெளிகளும் அழிந்தன. எஞ்சிய சோலைகள் துண்டு துண்டாய் நிற்கின்றன. ஒரு துண்டு அழிந்தால் அங்குள்ள பறவைக்குப் போக்கிடம் எளிதில் கிடைக்காது.

இழப்பு பறவைக்கு மட்டுமன்று. அமராவதி அணைக்கு நீர் தரும் பாம்பாறு அம்மலைகளிலேயே பிறக்கிறது. மழைநீரைத் தேக்கிச் சிறிது சிறிதாக விடுபவை சோலையும் புல்வெளியுமே. உடுமலை, தாராபுரம் வயல்கள் அந்த நீரையே நம்பியுள்ளன.

ஆகவே நண்பர்களே, சோலைக்கிளி பாடும் காடு நிலைத்திருப்பது நம் வயலுக்கும் நல்லது. மலைக்குச் செல்லும்போது ஒலிபெருக்கியை விடுத்துச் செவியைத் திறந்து வைப்போமாக!