சிறாரும் செடி வளர்ப்பும்

சிறு குழந்தைகள் பயிலும் இடத்திற்குத் 'தோட்டம்' என்னும் பெயரை இட்டு வழங்கியவர் ஜெர்மானிய அறிஞராகிய பிரடெரிக் புரோபெல் என்பார். இவர் 1837-ஆம் ஆண்டில் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் ஒரு நிலையத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்', அஃதாவது குழந்தைத் தோட்டம், எனப் பெயர் சூட்டினார். குழந்தைகளே செடிகள், ஆசிரியரே தோட்டக்காரர் என உவமையை விரித்து மகிழ்ந்து அவ்வளவில் நின்றுவிடுவார் பலர். புரோபெல் கருதியது உவமை மட்டுமன்று. மண்ணும் விதையும் உள்ள மெய்யான தோட்டம் ஒன்று பள்ளியை அடுத்து இருத்தல் வேண்டும் என்றும், அதில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கே உரிய சிறு பாத்தியும், எல்லார்க்கும் பொதுவான பாத்திகளும் அமைதல் வேண்டும் என்றும் அவர் வகுத்தார். இன்று அப்பெயர் பூண்ட பள்ளிகள் நம் நகரங்களில் தெருத்தோறும் உள. பெயரிலுள்ள தோட்டத்தையோ அவற்றுட் பலவற்றில் தேடியும் காணோம்.

1907-இல் ரோமாபுரியில் தம் முதற் குழந்தை இல்லத்தைத் திறந்தவரும், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து போர்க்கால ஆண்டுகளில் இந்நாட்டு ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தவருமாகிய மரியா மாண்டிசோரி அம்மையாரும் இதனை வற்புறுத்தினார். நீர் வாராவிடிற் செடி வாடும் என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டுவதில்லை, செடியே சொல்லும். முன்னறிந்து செய்தலும் பொறுத்திருத்தலும் இவ்வாறு குழந்தைக்குத் தாமே வந்து படிகின்றன என்பது அவர் கண்ட உண்மை.

எனின், குழந்தையைத் தோட்டத்தின்பால் ஈர்ப்பது எவ்வாறு? தந்தையின் தோட்டத்தில் ஏவல் செய்யும் சிறுவனுக்கு அத்தோட்டத்தில் ஆர்வம் பிறவாது. அவனுக்கென்று ஓரிடம் வேண்டும். அது மூன்றடி அகலத்திற்கு மேற்படலாகாது. இரு புறத்தினின்றும் அவன் கை நடுப்பகுதியை எட்டுதல் வேண்டுமன்றோ? நிலம் இல்லாதார்க்கு அடியில் துளையிட்ட பழைய மண்சட்டி ஒன்றே போதும். பெரிய மண்வெட்டி அவனுக்கு ஆகாது. சிறு களைக்கொத்தும், நீர் முகக்க ஒரு கொட்டாங்கச்சியும் கொடுக்கலாம். அவ்விடம் நிழலடைந்த மூலையாக இருத்தல் கூடாது. பெரியோர் தமக்கு உதவாத இடத்தையே சிறுவர்க்கு ஒதுக்குவது வழக்கமாய்ப் போயிற்று. அங்கு எதுவும் விளையாது, பின்னர்ப் பிள்ளைக்கு ஊக்கமில்லை என்று குறைகூறுவர்.

விதையைத் தெரிதலில் கருத்து வேண்டும். குழந்தையின் ஒரு வாரம் நமக்கு ஒரு திங்களுக்கு ஒப்பாகும். ஆதலின் முதலில் வெந்தயம் விதைக்க. மூன்று நான்கு நாளில் முளை காணும். முளைக்கீரை ஏறக்குறைய இருபத்தைந்து நாளிற் பறிக்கத் தகும். இவை கைகூடிய பின்னரே வெண்டை, அவரை முதலியன. பூசணிக்கொடி சிறார்க்கு ஒரு பெரு வியப்பு. அதில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு முன்னரே தோன்றியிருக்கும். காலையில் ஆண்பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவே தடவச் செய்து, சில நாளில் அப்பிஞ்சு பருத்தலைக் காட்டினால், தாவர நூலின் ஓர் அதிகாரத்தை அவன் கையாற் கற்றவனாவான். சற்று வளர்ந்த சிறுவர்க்கு நிலக்கடலை நன்று. மேலே பூத்துக் கீழே மண்ணுட் சென்று காய்க்கும் அதன் இயல்பை அகழ்ந்து கண்டாலன்றி அவர் நம்பார்.

விதை ஊன்றிய மறுநாளே அதைத் தோண்டிப் பார்த்தல் எல்லாச் சிறார்க்கும் இயற்கை. அதனைக் கடிதலினும் வேறு வழி காட்டல் சிறப்பு. கண்ணாடிக் குவளையின் உட்புறத்தே ஈரத்தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே நான்கு அவரை விதைகளைச் செருகி வைத்தால் வேர் கீழ்நோக்கி இறங்குவதை நாடோறும் காணலாம். விதையைத் தலைகீழாக வைப்பினும் வேர் வளைந்து கீழே செல்லும். இதை முதன்முறை காணும் சிறுவன் வினவும் வினாக்களுக்கு விடை சொல்ல நம் பட்டதாரிகளுட் சிலரும் இடர்ப்படுவர்!

பள்ளிகளில் ஒரு தீய வழக்கம் உண்டு. பாடம் ஒப்பியாத மாணவனைச் செடிக்கு நீர் ஊற்றுமாறு தண்டமாக ஏவுவர். ஓராண்டு இவ்வாறு நடப்பின் அவ்வகுப்பிற் செடியை விரும்புவான் ஒருவனும் இரான். ஆசிரியத் தொழில் மேற்கொள்ள எண்ணும் நம் மாணவர் இதனை அறவே விலக்குவாராக.

இனி, குழந்தை மறந்துவிட்டது, பாத்தி வாடுகின்றது. தாய் இரவில் மறைவாக நீர் ஊற்றலாமா? அன்பு காரணமாகப் பலர் ஊற்றுகின்றனர். இது தகாது என்பதே எம் கருத்து. மறைவாக ஊற்றிய நீரினாற் செடி பிழைக்கும். தன் மறதியால் ஒன்றும் கெடவில்லை என்று குழந்தை கற்றுக்கொள்ளும். மாலையில் அவனை அழைத்துச் சென்று தொங்கும் இலைகளைக் காட்டுக, அவனே ஊற்றட்டும். காலையில் நிமிர்ந்தால் நன்று. நிமிராவிடின் வேறு விதை கொடுக்க, அறிவுரை வேண்டா. ஐந்து அகவைக்கு உட்பட்ட குழந்தையாயின், நாடோறும் நீர் ஊற்றும் நேரத்தில் உடன் செல்லுதல் பெரியோர் கடன். அவ்வயதில் நினைவூட்டல் உதவியே ஆகும்.

விளைந்தது கைப்பிடிக் கீரையே ஆயினும், அதனை அன்றைப் பருப்போடு சேர்த்துச் சமைத்து, யாருடைய பாத்தியினின்று வந்தது என்பதை எல்லாரும் கேட்கச் சொல்லி இலையில் இடுக. கீரையை வெறுத்துத் தள்ளும் பிள்ளையும் அன்று இரண்டாம் முறை கேட்டு உண்பான்.