மாவு பொங்கினால் கணக்கும் பொங்குமா?

அன்புள்ள மதி,

உன் மாமாவின் ஓட்டலுக்காக நீ வரைந்த தரவுத்தள மாதிரியைப் பார்த்தேன். அட்டவணைகளைப் பிரித்த விதத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் ‘பொருள்’ அட்டவணையில் ‘கையிருப்பு’ என்றொரு புலம் உட்கார்ந்திருக்கிறதே, அதைக் கண்டதும் எரிச்சல் வந்துவிட்டது. சரக்கு வந்தால் அதில் கூட்டுகிறாய், எடுத்தால் கழிக்கிறாய். தக்காளி அழுகினால்? அப்போதும் கழிக்கிறாய். சாம்பாருக்குப் போன தக்காளியும் குப்பைக்குப் போன தக்காளியும் அங்கே ஒன்றுதான். பிறகு வீணாவதை எப்படிக் குறைப்பாய்?

“கழிவுக்குத் தனி அட்டவணை இருக்கிறதே, ஐயா” என்பாய். இருக்கிறது; கையிருப்போடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்றில் எழுதி மற்றதில் மறந்தால் எதை நம்புவது? தொடர்புசார் தரவு மாதிரியை முன்வைத்து எட்கர் காட் 1970-ல் எழுதிய கட்டுரையின் பெயரைத் தேர்வுக்காகப் படித்திருப்பாய். கட்டுரையையும் ஒருமுறை படி. தரவு மிகைமையையும் அதனால் வரும் முரண்பாட்டையும் பற்றி அதில் ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கிறார்.

கையிருப்பு, கழிவு இரண்டுக்கும் ‘நகர்வு’ என்று ஒரே அட்டவணை போதும். எந்த பேட்ச் (ஒரே தடவையில் வந்த அல்லது செய்த சரக்கு), எவ்வளவு, எங்கிருந்து, எங்கே, எப்போது. ‘இடம்’ அட்டவணையில் ஸ்டோர், ஃப்ரிட்ஜ், அடுப்படியோடு மண்டிக்காரர், வாடிக்கையாளர், குப்பைத்தொட்டி எல்லோருக்கும் ஓர் எண் கொடு. ஓரிடத்தின் இருப்பு என்பது அங்கே வந்ததில் போனது போக மீதி, கேட்கும்போது கணக்கிட்டுக்கொள்ளலாம். வேகத்துக்காகச் சேமித்து வைப்பதானால் வை, ஆனால் அதை அழித்துவிட்டு நகர்வுகளிலிருந்து அதே எண்ணைத் திரும்பப் பெற முடியவேண்டும். தவறாகப் பதிந்த வரியை அழிக்காதே, எதிர்ப்பதிவு போடு.

ஓரிடத்தில் குறைவது இன்னோரிடத்தில் கூடியாகவேண்டும்; வணிகர்களின் இரட்டைப் பதிவு முறைதான் இது. 1494-ல் வெனிஸில் அச்சான லூக்கா பச்சோலியின் நூல் இதை விளக்குகிறது. அவர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று எழுதுகிறவர்கள் நூலைத் திறந்தே பார்த்ததில்லை போலும்; வெனிஸ் வணிகர்களின் வழக்கத்தைப் பின்பற்றுவதாக அவரே சொல்கிறார். பெனெடெட்டோ கோட்ருல்யி 1458-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார், பாவம், அச்சேற 1573 ஆகிவிட்டது. இன்றைய ஓடூ மென்பொருளின் சரக்குப் பகுதியும் இதே முறையில்தான் ஓடுகிறது.

இனி இட்லி மாவுக்கு வருவோம். மாவை நீ லிட்டரில் அளந்திருக்கிறாய். இரவு ஆட்டி வைத்த இருபது லிட்டர் காலையில் முப்பதாகப் பொங்கி நிற்கும். பத்து லிட்டரை யாரிடம் வாங்கினாய்? எடை அப்படிப் பொங்காது, ஆகவே கிலோவில் அள. அடுத்து, அரிசியும் உளுந்தும் கிரைண்டருக்குள் போய் வேறொரு பொருளாக வெளியே வருகின்றன. தண்ணீர் சேர்வதால் எடை இரண்டு மடங்கைத் தாண்டும். இதற்கு ‘தயாரிப்பு’ என்று ஓர் அட்டவணை வேண்டும்: உள்ளே போன பேட்ச்கள், வெளியே வந்த பேட்ச். கெட்டுப்போகும் நேரமும் பேட்சுக்குத்தான் உரியது, பொருளுக்கல்ல. சென்னையில் மே மாத மாவும் டிசம்பர் மாத மாவும் ஒரே வேகத்திலா புளிக்கின்றன? புளித்த மாவு மறுநாள் ஊத்தப்பமானால் அது கழிவே இல்லை. அதுவும் ஒரு தயாரிப்புதான். உன் மாதிரியில் அது குப்பையில் கிடக்கிறது!

ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள். அடுப்படிக்குப் போன மாவு 36 கிலோ. பில் போட்ட இட்லி 600. சமையல் குறிப்புப்படி ஒன்றுக்கு 50 கிராம் என்றால் 30 கிலோ. மிச்சம் எடை போட்டால் 3, குப்பைக்கென்று பதிந்தது 1. பாக்கி 2 கிலோ எங்கே? ‘கணக்கில் வராதது’ என்று ஓர் இடம் வைத்து அங்கே அனுப்பு. சமையல் குறிப்பைத் திருத்தியோ கையிருப்பை ரவுண்டு பண்ணியோ மறைக்காதே. அந்த இடம் நாளுக்கு நாள் வீங்கினால், இட்லித் தட்டின் குழி பெரிதா, பில் போடாமல் இட்லி போகிறதா என்று மாமா விசாரிக்கலாம். சமையல் குறிப்புக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் வை. இல்லாவிட்டால் இன்றைய அளவைக் கொண்டு போன மாதத்தைக் கணக்கிடுவாய்.

கழிவென்றால் இலையில் மிஞ்சுவது மட்டுந்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். 2022-ல் உலகில் வீணான உணவு 105 கோடி டன், அதில் 29 கோடி உணவகம் போன்ற இடங்களில் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை. தின்னமுடியாத தோலும் எலும்பும் அந்தக் கணக்கில் அடக்கம். ஆகவே கழிவுக்கான காரணப் பட்டியலில் தோல்-காம்பைத் தனியே வை. மற்றவை: ஸ்டோரில் கெட்டது, கருகியது, விற்காமல் மிஞ்சியது, இலையில் மிஞ்சியது. இவ்வளவு போதும். நீ வைத்திருக்கும் இருபத்தெட்டில் எதைத் தேர்வதென்று கூட்ட நேரத்தில் மாஸ்டர் நின்று யோசிப்பாரா?

‘வீணாக்கியவர் பெயர்’ என்ற புலத்தையும் எடுத்துவிடு. அது இருக்கும்வரை கருகிய சாம்பாரை ஒருவரும் பதியமாட்டார்கள், அத்தனையும் ‘கணக்கில் வராதது’க்குத்தான் போய்ச் சேரும். திருத்திய வரைபடத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்